சம்கியின் எடை

முதல் சம்கியைத் தைத்தபோது அதற்கு எடை என்று ஒன்று இருப்பதாகவே தோன்றவில்லை. விரல்நுனியில் ஒட்டிக்கொள்ளும், ஊதினால் பறந்துவிடும் ஒரு சிறு வட்டம்; நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. எனக்குப் பழக்கமான ஒரு சிறிய நாடகக் குழுவில் மந்திரவாதி வேடத்துக்கு ஒரு மேலங்கி தேவைப்பட்டது. தைப்பதற்கு ஆள் போதாமல் என்னையும் உட்காரவைத்தார்கள். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஊசியை அடியிலிருந்து மேலே கொண்டுவந்து, சம்கியின் துளை வழியாக ஏற்றி, அதன் தலையில் கடுகளவு மணி ஒன்றைக் கோத்து, மறுபடியும் அதே துளை வழியாகக் கீழே இறக்க வேண்டும். மணிதான் பூட்டு. பத்துக்கு ஒரு முடிச்சுப் போடாவிட்டால், மேடையில் ஓரிடத்தில் நூல் அறுந்ததும் ஒரு வரிசை முழுவதும் உதிர்ந்துபோகும். நூல் சிக்காமல் இருக்க அதை மெழுகுக் கட்டியில் ஒருமுறை இழுத்துக்கொள்ள வேண்டும் என்பதை மூன்றாம் நாள்தான் யாரோ எனக்குச் சொன்னார்கள்.

பதினொரு இரவுகளுக்குப் பிறகு மேலங்கியைச் சட்டத்திலிருந்து அவிழ்த்துத் தூக்கியபோது, தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல் அது கையை இழுத்தது. அந்த வேடத்தை ஏற்றிருந்த மூத்த நடிகர் அதை ஒருமுறை தோளில் போட்டுப் பார்த்தார், இரண்டு அடி நடந்தார், கழுத்துப் பட்டை உராய்ந்த இடத்தைத் தடவிக்கொண்டே, "இதைப் போட்டுக்கொண்டு கூன் போட முடியாது, தம்பி. நிமிர்ந்துதான் நிற்க வேண்டும்" என்றார். எடை பின்னால் இழுப்பதால், முன்னால் சாயவும் முடியாமல் பின்னால் விழவும் முடியாமல் உடம்பு தானாகவே அரசத் தோரணைக்கு வந்துவிடுகிறது என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். பகட்டான உடையில் தோன்றும் கலைஞர்களைப் பற்றி அதுவரை எனக்கு இருந்த அலட்சியம் அந்த அறையில்தான் உடைந்தது. அதன் பின் பல ஆண்டுகளாக அவர்களுடைய வாழ்க்கைக் கதைகளைத் தேடித் தேடிப் படித்துவருகிறேன். இந்தக் கட்டுரை அந்த வாசிப்புக்கு நான் செலுத்தும் கடன்.

என்னைப் பார்த்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். சாம்பல், பழுப்பு, கருநீலம் ஆகிய மூன்று நிறங்களைத் தாண்டி என் அலமாரியில் எதுவும் கிடையாது. நான் வளர்ந்த மொழியிலும் பளபளப்புக்கு நல்ல பெயர் இல்லை. பகட்டு, மினுக்கு, பந்தா, டம்பம், மேனாமினுக்கி என்று எத்தனை சொல் இருந்தாலும் அத்தனையிலும் ஒரு திட்டு கலந்திருக்கிறது. ஒய்யாரம் என்ற ஒரு சொல்லாவது அழகாகத் தப்பித்திருக்கலாம். அதையும் "ஒய்யாரக் கொண்டையாம் தாழம்பூவாம், உள்ளே இருக்குமாம் ஈரும் பேனும்" என்று பழமொழி பிடித்துக்கொண்டது. வெளியே மின்னுவது எதுவோ அது உள்ளே எதையோ மறைக்கிறது என்ற சந்தேகம் நம் நாக்கிலேயே ஊறியிருக்கிறது. அந்தச் சந்தேகம் முற்றிலும் தவறு என்று சொல்ல வரவில்லை. சில நேரங்களில் அது சரியாகவே இருந்திருக்கிறது. ஆனால் மறைக்க வைத்தது யார் என்ற கேள்வியைப் பழமொழி கேட்பதில்லை.

இந்தக் கேள்வியோடு நான் அதிகம் திரும்பிப் போவது பியானோக் கலைஞர் லிபராச்சியிடம்தான். 1919ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மில்வாக்கியை ஒட்டிய வெஸ்ட் ஆலிஸில் பிறந்தவர். தந்தை இத்தாலியிலிருந்து வந்தவர், பிரெஞ்சு ஹார்ன் வாசிப்பவர். தாய் போலந்து வழியினர். இருபது வயதில் சிகாகோ சிம்பொனியுடன் சேர்ந்து வாசிக்கும் அளவுக்குக் கைப்பழக்கம் இருந்த பையன், ஒழுங்காகக் கறுப்புக் கோட்டு அணிந்து ஒழுங்கான பியானோக் கலைஞராகவே ஓய்வு பெற்றிருக்கலாம். மாற்றம் ஒரு நடைமுறைச் சிக்கலில்தான் தொடங்கியது. 1952இல் ஹாலிவுட் போல் திறந்தவெளி அரங்கில் அவருக்குக் கச்சேரி. ஏறத்தாழ 20,000 பேர் அமரக்கூடிய இடம். வாத்தியக் குழு முழுவதும் கறுப்பு உடையில் இருக்க, தானும் கறுப்பில் நின்றால் கடைசி வரிசையில் இருப்பவருக்குத் தான் ஒரு புள்ளியாகக்கூடத் தெரியமாட்டோம் என்று கணக்கிட்டு, வெள்ளைக் கோட்டு அணிந்து வந்தார். மலிவான இருக்கையில் அமர்ந்தவனும் தன்னைப் பார்த்தாக வேண்டும் என்ற அந்த ஒரு எண்ணத்திலிருந்துதான் பிறகு வந்த தங்கச் சரிகையும், செயற்கை வைரக் கற்களும், தரையில் பல அடி நீளத்துக்கு இழுபடும் நரித்தோல் மேலங்கிகளும் கிளைத்தன. பியானோவின் மேல் அவர் வைத்திருந்த மெழுகுவத்திக் கிளைவிளக்கும் அப்படித்தான்: சோபினைப் பற்றிய 1945ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றில் பார்த்ததைத் தனக்காக எடுத்துக்கொண்டார், அதுவே அவருடைய முத்திரையாக நிலைத்துவிட்டது.

இசை விமர்சகர்கள் அவரை மன்னிக்கவே இல்லை. நீண்ட செவ்விசைப் படைப்புகளைச் சுருக்கி, சலிப்பூட்டும் பகுதிகளை நீக்கித் தருவதாக அவரே பெருமையோடு சொல்லிக்கொண்டபோது அவர்கள் கொதித்தது நியாயம்தான். அவருடைய ஒலிப்பதிவுகளை நான் இசைக்காகக் கேட்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அலங்காரச் சுரங்கள் அளவுக்கு மிஞ்சி, பலகாரத்தின் மேல் சர்க்கரை தூவியதுபோல் இருக்கும். நான் பார்ப்பது வேறொன்றை. மேடைக்கு வந்ததும் அவர் உடனே வாசிக்க அமரமாட்டார். மேலங்கியை விரித்துக் காட்டுவார், ஒருமுறை சுற்றுவார், தன்னைத் தானே கேலி செய்துகொள்வார், முன்வரிசையில் இருப்பவர்களிடம் மோதிரங்களை நீட்டி, இவை உங்களுக்குப் பிடித்திருந்தால் நல்லது, ஏனென்றால் இவற்றை வாங்கித் தந்தவர்களே நீங்கள்தான் என்ற பொருளில் சிரிக்க வைப்பார். செல்வத்தைக் காட்டிப் பிறரைச் சிறுமைப்படுத்துகிறவன் செய்யும் காரியமல்ல இது. வீட்டுக்கு வந்த விருந்தினரைக் கூட்டிப்போய் அறை அறையாகக் காட்டும் ஒருவருடைய குதூகலம் அதில் இருந்தது. பார்வையாளர்களும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

சம்கி தைத்த உடையைத் தண்ணீரில் அலச முடியாது என்பது தைத்தவர்களுக்குத் தெரியும். கல்லின் பின்பூச்சு கழன்றுவிடும், சாயம் இறங்கும், இஸ்திரிப் பெட்டியைக் கிட்டக் கொண்டுபோகவே முடியாது. ஆகவே உலர்சலவைதான் வழி. அந்தக் காலத்தில் அதற்குப் பயன்பட்ட திரவங்களில் ஒன்று கார்பன் டெட்ராகுளோரைடு. அதன் ஆவி கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது. 1963 நவம்பரில் பிட்ஸ்பர்க் நகரில், அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட அதே நாட்களில், தன் மேடை உடைகளைச் சுத்தம் செய்ததிலிருந்து எழுந்த ஆவியை அளவுக்கு மீறிச் சுவாசித்து லிபராச்சி விழுந்தார். சிறுநீரகங்கள் செயலிழந்தன; பிழைக்கமாட்டார் என்று முடிவுகட்டி இறுதிச் சடங்குக்குரிய வழிபாடும் நடந்தது; அவரோ படுக்கையிலிருந்தே நெருங்கியவர்களுக்குப் பரிசுகள் வாங்கிக் கொடுத்துத் தன் பணத்தைச் செலவழிக்கத் தொடங்கினார். பிறகு தேறி எழுந்தார். தன்னைக் கிட்டத்தட்டக் கொன்றுவிட்ட உடைகளுக்கு அதன் பின் அவர் எப்படிப் பதில் சொன்னார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி: இன்னும் கனமானவற்றைத் தைக்கச் சொன்னார். அறுபதுகளின் தொடக்கத்தில் அவர் அணிந்தவற்றை எண்பதுகளில் அணிந்தவற்றின் பக்கத்தில் வைத்தால், முன்னவை அலுவலக உடைபோல் தோன்றும்.

பழமொழி சொல்லும் அந்த "உள்ளே" என்ற இடத்துக்கு இப்போது வர வேண்டும். 1956இல் லண்டன் நாளிதழான டெய்லி மிரரில் ஒரு பத்தியெழுத்தாளர் அவரைப் பற்றி நஞ்சு தோய்ந்த உரிச்சொற்களை அடுக்கி எழுதினார். அவர் தன்பால் விருப்பம் கொண்டவர் என்ற குறிப்பு அதில் பொதிந்திருந்தது. லிபராச்சி அவதூறு வழக்குத் தொடர்ந்தார். 1959இல் விசாரணை நடந்தது, சாட்சிக் கூண்டில் சத்தியம் செய்து அந்தக் குறிப்பை மறுத்தார், வென்றார், 8,000 பவுண்டு இழப்பீடு கிடைத்தது. அவர் சொன்னது பொய். அந்த ஆண்டில் அதே நாட்டில் அந்த உண்மை ஒரு குற்றமாக இருந்தது என்பதும், இங்கிலாந்துச் சட்டம் 1967இல்தான் ஓரளவு தளர்ந்தது என்பதும் அதன் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டியவை. ஆண்களிலேயே அதிகம் கண்ணைப் பறிக்கும் உடை அணிந்த மனிதர், அந்த ஒளிக்குப் பின்னாலேயே ஒளிந்துகொண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1987 பிப்ரவரி 4 அன்று பாம் ஸ்பிரிங்ஸில் அவர் இறந்தபோதும் காரணம் வேறு என்றே சொல்லப்பட்டது. எய்ட்ஸ் சார்ந்த நோய் என்பதைப் பிரேதப் பரிசோதனைதான் வெளியே கொண்டுவந்தது. ஈரும் பேனும் என்று யாராவது இதைச் சொல்வார்களானால், அந்தப் பேனைப் பிடித்து அவர் தலையில் விட்டது ஊர் என்றுதான் பதில் சொல்வேன்.

லாஸ் வேகஸில் அவருடைய உடைகளும் பியானோக்களும் கண்ணாடிச் சில்லுகள் பதித்த கார்களும் வைக்கப்பட்டிருந்த அருங்காட்சியகம் 1979இல் திறந்து 2010இல் மூடப்பட்டது. பார்க்க வருவோர் குறைந்துபோனார்கள்.

துள்ளலிசைப் பாடகர் லிட்டில் ரிச்சர்டின் கதை இதற்கு நேர் எதிரான வேகத்தில் ஓடுகிறது. 1932இல் ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கனில், வறிய கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். ஒரு கால் மற்றதைவிடக் குட்டை. நடையைப் பார்த்துச் சிறுவயதில் கேலி செய்தார்கள். ஊர் ஊராகச் சென்ற கேளிக்கைக் குழுக்களில் பெண் வேடமிட்டுப் பாடினார். பில்லி ரைட் என்ற பாடகரிடமிருந்து முகப்பூச்சையும் மேலே குவித்து வாரிய கூந்தலையும், எஸ்கெரிட்டா என்பவரிடமிருந்து பியானோவை இடிபோல் அடிக்கும் முறையையும் கற்றார். இதை அவர் மறைத்ததும் இல்லை. பிறகும் வயிற்றுப் பாட்டுக்காக மேக்கன் பேருந்து நிலையத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர், 1955 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸின் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்து ஒரு பாடலைப் பாடிவிட்டு வெளியே வந்தபோது, அதற்குப் பிந்தைய துள்ளலிசை முழுவதற்கும் ஒரு அளவுகோல் கிடைத்துவிட்டது. அந்தப் பாடலின் உரிமையை அவர் விற்ற தொகை 50 டாலர் என்பதை அவர் சாகும்வரை மறக்கவில்லை, மறந்திருக்கவும் தேவையில்லை.

அவருடைய முகப்பூச்சைப் பற்றி அவரே சொன்ன விளக்கம் ஒன்று உண்டு. இனப் பிரிவினை சட்டமாக இருந்த தென்மாநிலங்களில் வெள்ளைப் பெண்கள் தன் பாட்டைக் கேட்டுக் கிறுகிறுத்து மேடையை நோக்கி ஓடி வரும்போது, அவர்களுடைய தந்தையரும் அண்ணன்மாரும் தன்னை ஒரு அச்சுறுத்தலாகப் பார்க்காமல், வேடிக்கையான ஒரு பிறவியாகப் பார்க்கட்டும் என்பதற்காகவே கண்ணுக்கு மையும் முகத்துக்குப் பூச்சும் கூட்டிக்கொண்டதாகச் சொன்னார். அது மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று புருவத்தை வரைந்துகொள்ளும்போது கிடைக்கும் இன்பம் பாதுகாப்புக் கணக்கில் மட்டும் பிறப்பதில்லை. ஆனாலும் கவசம் என்று ஒன்று தேவைப்பட்டபோது அவர் எடுத்துக்கொண்டது இரும்பை அல்ல, பவுடரை.

1957 அக்டோபரில் ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தின் நடுவே, வானத்தில் நெருப்புக் கோளம் கடப்பதைக் கண்டு அது தனக்கு வந்த இறைக் கட்டளை என்று முடிவுசெய்தார். பாட்டை விட்டுவிடுகிறேன் என்றார். அவர் சொல்வது உண்மைதானா என்று உடன் இருந்தவர் சந்தேகப்பட, விரல்களில் இருந்த மோதிரங்களைக் கழற்றித் தண்ணீரில் வீசினார். ஸ்புட்னிக் செயற்கைக்கோள் அந்த மாதம்தான் ஏவப்பட்டிருந்தது. சில ஆண்டுகளில் மேடைக்குத் திரும்பினார், மறுபடி மதத்துக்குப் போனார், மறுபடி திரும்பினார். 2020 மே மாதம் இறக்கும்வரை இந்த ஊசலாட்டம் நிற்கவில்லை. ஆனால் ஒவ்வொருமுறை துறந்தபோதும் முதலில் கழற்றியது நகையை, திரும்பியபோதும் முதலில் அணிந்தது நகையை. தன் பலம் எங்கே இருக்கிறது என்று அவருடைய விரல்களுக்குத் தெரிந்திருந்தது.

பாடகியும் நடிகையுமான கார்மென் மிராண்டாவைப் பற்றி எழுத எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு, ஏனென்றால் அவருடைய அலங்காரம் முழுக்க அவருடையது அல்ல. 1909இல் போர்ச்சுகலில் பிறந்து கைக்குழந்தையாகவே ரியோ டி ஜெனீரோவுக்கு வந்தவர். பதின்வயதில் பெண்களுக்கான தொப்பிகள் செய்யும் கடையில் வேலை பார்த்தார். 1939இல் ஒரு பிரேசில் திரைப்படத்துக்காக, பாஹியா பகுதியில் தலையில் கூடை சுமந்து தெருவில் விற்கும் கறுப்பினப் பெண்களின் உடையை எடுத்து, தலைப்பாகையை உயர்த்தி, மணிமாலைகளை இரட்டிப்பாக்கி, கூடையைச் சுருக்கித் தலைமேலேயே பொருத்திக்கொண்டார். உழைக்கும் பெண்களின் உடை ஒரு வெள்ளைப் பெண்ணின் தலையில் ஏறியபிறகுதான் உலகம் கைதட்டியது என்பதை நினைத்தால் கசக்கத்தான் செய்கிறது. அதே நேரத்தில் அந்தத் தலைப்பாகைகளின் கட்டுமானத்தைப் படங்களில் உற்றுப் பார்த்தால் ஒரு தொழிலாளியின் மூளை தெரியும். உயரம் 152 சென்டிமீட்டர்தான்; ஆகவே கீழே தடித்த அடிப்பாகம் வைத்த செருப்பும் மேலே கூம்பிய தலைப்பாகையுமாக இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டார். ஆடும்போது தலை அசையாமல் கையும் கண்ணும் மட்டும் பேசுவதைக் கவனியுங்கள். அதை நளினம் என்பார்கள். தலையில் இருப்பது விழக்கூடாது என்பதும் அதில் பாதி.

1939இலேயே நியூயார்க் மேடைக்குப் போனார்; 1945இல் அமெரிக்காவில் மிக அதிகம் சம்பாதித்த பெண்ணாக இருந்தார். இடையில் 1940இல் ரியோவுக்கு வந்து ஊர்கா சூதாட்டவிடுதி மேடையில் ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னபோது அவையோர் கல்லாக உட்கார்ந்திருந்தார்கள். அமெரிக்காக்காரியாகிவிட்டாள் என்றார்கள். அமெரிக்காவிலோ பழங்கள் அடுக்கிய அந்தத் தலைப்பாகையைக் கழற்ற அவரை விடவில்லை. 1955 ஆகஸ்டில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக ஆடிக்கொண்டிருந்தபோது கால் மடங்கி, மூச்சு வாங்குகிறது என்று சிரித்துக்கொண்டே சொல்லி, எழுந்து ஆட்டத்தை முடித்தார். மறுநாள் விடியலில் இறந்துகிடந்தார். வயது 46. அந்தப் படச்சுருள் இன்றும் இருக்கிறது. நான் ஒருமுறை பார்த்தேன், இரண்டாம்முறை பார்க்கமாட்டேன்.

மூச்சு என்றதும் ஒரு கிளைக்கதை. 1936 ஜூலை முதல் நாள் லண்டனில் நடந்த மீயதார்த்த (சர்ரியலிச) கலைக் கண்காட்சியில் சொற்பொழிவாற்ற வந்த ஓவியர் சால்வடார் டாலி, ஆழ்கடல் மூழ்குவோர் அணியும் முழு உடையையும் உலோகத் தலைக்கவசத்தையும் மாட்டிக்கொண்டு, கையில் பில்லியர்ட்ஸ் கோலும் இரண்டு வேட்டை நாய்களுமாக மேடையேறினார். சிறிது நேரத்தில் உள்ளே காற்றுத் தீர்ந்துபோனது. அவர் கையை ஆட்டித் தவித்ததை நடிப்பு என்று எண்ணி மக்கள் ரசித்துக் கைதட்டிக்கொண்டிருக்க, கடைசியில் யாரோ உணர்ந்து கவசத்தைக் கழற்றிக் காப்பாற்றினார்கள். டாலியை எனக்கு அவ்வளவு பிடிக்காது. அவருடைய மீசைகூடத் தன்னைப் பற்றி மட்டுமே பேசும் மீசை. ஆனால் அந்த ஒரு மதியத்தில், மூச்சுத் திணறலையும் கலையாகவே வாசித்த கூட்டத்தின் நடுவில் அவர் நின்ற நிலையை நினைத்தால் இரக்கம் வருகிறது.

நடனக் கலைஞர் ஜோசஃபின் பேக்கரைப் பற்றி நினைக்கும்போது எடையைப் பற்றிய என் கணக்கு தலைகீழாகிறது, ஏனென்றால் அவர் பேர் வாங்கியது கிட்டத்தட்ட எதையும் அணியாமல். 1906இல் செயின்ட் லூயிஸில் பிறந்து, சிறுமியாக வெள்ளையர் வீடுகளில் வேலை செய்து, 19 வயதில் பாரிஸ் வந்து சேர்ந்தவர் 1925இல் ஷான் எலிசே அரங்கில் ஆடியதும், மறு ஆண்டு ஃபோலி பெர்ஜேரில் செயற்கை வாழைப்பழங்கள் கோத்த இடையாடையோடு ஆடியதும் ஊரறிந்தவை. காட்டு மனுஷியைப் பார்க்க வந்த ஐரோப்பியக் கண்களுக்கு அவர் அதையே காட்டினார். காட்டும்போதே கண்ணை உருட்டி, முழங்காலைக் கோணி, பார்ப்பவரைக் கேலியும் செய்தார். அந்தக் காலத்துச் சம்கிகளில் பல ஜெலட்டினால் ஆனவை. வியர்வை பட்டாலோ, கூட ஆடுபவரின் சூடான கை முதுகில் சற்று நேரம் இருந்தாலோ உருகி ஒட்டிக்கொள்ளும். உடையணிந்து ஆடியவர்களுக்கு அந்தத் தொல்லை. பேக்கர் அதிலிருந்தும் தப்பித்தார் என்று விளையாட்டாக நினைத்துக்கொள்வேன்.

இரண்டாம் உலகப் போரில் அவர் பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்துக்காக ஒற்று வேலை பார்த்தார். நட்சத்திரக் கலைஞரின் பெட்டிகளை எல்லைக் காவலர்கள் சோதிக்கமாட்டார்கள்; இசைத் தாள்களில் கண்ணுக்குத் தெரியாத மையால் எழுதிய செய்திகளும், உள்ளாடையில் குத்திய துண்டுக் காகிதங்களும் அப்படியே எல்லை கடந்தன. பகட்டுக்கு இப்படியொரு பயன் உண்டு: எல்லோரும் பார்க்கிற ஆளை யாரும் கவனிப்பதில்லை. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டன் பேரணியில் மார்ட்டின் லூதர் கிங் பேசிய அதே மேடையில் பேசிய மிகச் சில பெண்களில் அவரும் ஒருவர். இறகும் வைரமும் ஆயிரம் இருந்தும் அன்று அவர் அணிந்து வந்தது சுதந்திர பிரெஞ்சுப் படையின் சீருடையும் அதில் குத்திய பதக்கங்களும். அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்திருக்கிறேன். மேடை உடைக்குப் பழகிய தோள்கள் அவை. சீருடையையும் அந்த நிமிர்விலேயே தாங்கியிருக்கின்றன. 1975 ஏப்ரல் 8 அன்று பாரிஸில் தன் ஐம்பதாண்டுக் கலைவாழ்வைக் கொண்டாடும் நிகழ்ச்சியைத் தொடங்கி, நான்கே நாட்களில் இறந்தார். 2021இல் பிரான்ஸ் அவரைத் தன் பெருமக்களைப் போற்றும் நினைவாலயமான பாந்தியோனில் சேர்த்துக்கொண்டது.

இவர்களுக்கெல்லாம் மேடை என்று ஒன்று இருந்தது, திரை என்று ஒன்று இருந்தது, இறங்கி வீட்டுக்குப் போகும் நேரம் என்று ஒன்று இருந்தது. குவென்டின் கிறிஸ்புக்கு அதுவும் இல்லை. 1908இல் இங்கிலாந்தில் பிறந்த இந்த மனிதர், ஆண்கள் அத்தனை பேரும் சாம்பல் நிறத்தில் நடந்த லண்டன் தெருக்களில் 1930களிலேயே மருதோன்றிச் சிவப்புத் தலைமுடியும், உதட்டுச் சாயமும், நீண்ட நகமுமாக நடந்தார். அடித்தார்கள். மறுநாளும் அப்படியே நடந்தார். போர் மூண்டதும் எல்லோரும் உணவுப் பொருளைச் சேமிக்க ஓடியபோது இவர் கடைக்குப் போய் மருதோன்றிப் பொடியை நிறைய வாங்கிவைத்துக்கொண்டாராம். பிழைப்புக்காகப் பல ஆண்டுகள் ஓவியப் பள்ளிகளில் ஆடையின்றி மாதிரியாக நின்றார். தன் அறையைப் பெருக்கியதே கிடையாது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு தூசி அதற்கு மேல் மோசமாவதில்லை என்று அவர் சொன்னது புகழ்பெற்றது. உள்ளே இருப்பதை அவராகவே சொல்லிவிட்டதால் பழமொழிக்கு அவரிடம் வேலையில்லாமல் போய்விட்டது. 72 வயதில் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்து, தொலைபேசிப் புத்தகத்தில் தன் எண்ணை இருக்கவிட்டு, யார் அழைத்தாலும் உணவருந்தப் போனார். கடைசிக் காலத்தில் அவர் சொன்ன சில கருத்துகள் தன்பால் விருப்பத்தினரையே புண்படுத்தின. அவற்றை நான் தாங்கிப் பேசமாட்டேன். ஆனால் தெருவில் நடந்த அந்த நடையை எவராலும் திரும்பப் பெற முடியாது.

ஆடையின்றி நிற்பது என்றதும் லீ போவரி நினைவுக்கு வருகிறார். மெல்போர்னின் சன்ஷைன் என்ற புறநகரில் பிறந்து, எண்பதுகளின் லண்டன் இரவு விடுதிகளில் முகத்தையே மறைக்கும் பூச்சும், தானே வெட்டித் தைத்த விசித்திர உருவங்களுமாகத் தோன்றியவர். அருமையான தையல்காரர் அவர். அத்தகையவரை ஓவியர் லூசியன் ஃபிராய்ட் தன் அறைக்கு அழைத்து, எந்த உடையும் பூச்சும் இல்லாமல் உட்காரவைத்து வரைந்தார். அந்த ஓவியங்களைப் பார்க்கும்போது, சட்டத்திலிருந்து அவிழ்த்த துணியின் பின்பக்கத்தைப் பார்ப்பதுபோல் இருக்கிறது: முடிச்சுகள், இழுபட்ட நூல்கள், ஆனால் தையல் உறுதியானது.

வெறும் செல்வத்தால் மின்னியவர்களிடம் எனக்கு இந்த ஒட்டுதல் வருவதில்லை. வெனிஸில் சிறுத்தைகளைச் சங்கிலியில் கட்டிக்கொண்டு உலாவிய மார்கேசா லூயிசா கசாட்டியைப் பற்றி எவ்வளவு படித்தாலும், ஊசி பிடித்த கை எங்கே என்றுதான் தேடுகிறேன். ஐரிஸ் ஆப்ஃபெல் பணக்காரர்தான். ஆனாலும் அவரிடம் அந்தக் கை இருந்தது. 1921இல் நியூயார்க்கின் குவீன்ஸில் பிறந்தவர், கணவர் கார்லுடன் சேர்ந்து 1950இல் தொடங்கிய நெசவு நிறுவனம் பழைய நூற்றாண்டுகளின் துணிகளை அப்படியே மறுபடி நெய்து கொடுத்தது; வெள்ளை மாளிகையின் சீரமைப்புப் பணிகளுக்கும் அவர்கள் துணி போயிருக்கிறது. ஒரு திரைச்சீலையின் ஊடும் பாவும் அறிந்த கண்தான், முழங்கைவரை அடுக்கிய தடித்த வளையல்களையும் கோழிமுட்டை அளவு மணிகளையும் தட்டு அளவு மூக்குக்கண்ணாடியையும் ஒன்றோடொன்று மோதாமல் ஒரே உடம்பில் அமர்த்தியது. 2005இல் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவருடைய உடைகளைக் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு வயது 84. உலகம் அவரைக் கண்டுகொண்டது அப்போதுதான். அதன் பிறகு விளம்பரம், பொம்மை, 97 வயதில் மாடலிங் ஒப்பந்தம் என்று வந்த ஆரவாரம் எனக்குச் சற்றுத் திகட்டியது. ஆனால் 102 வயதுவரை தினமும் காலையில் அத்தனை வளையல்களையும் ஒவ்வொன்றாக மாட்டிக்கொள்ளும் பொறுமை சாமானியமானதல்ல. அவற்றைத் தூக்குவதே ஒரு உடற்பயிற்சி.

எங்கள் நாடகம் ஐந்து நாள் நடந்தது. நான் கடைசி நாள் மட்டும் முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். மந்திரவாதி திரும்பும்போதெல்லாம் மேலங்கி ஒரு கணம் பின்தங்கி, பிறகு அவரைச் சுற்றி வந்து சேர்ந்தது. எடை இருந்தால்தான் அப்படி நடக்கும். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். கழுத்துக்குக் கீழே பட்டை பதிந்த சிவப்புக் கோடு தெரிய அவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மேலங்கியை மடிக்காமல் சுருட்டி எடுக்கும்போது கீழ்க்கரையில் ஓரிடத்தில் ஏழெட்டுச் சம்கிகள் இல்லாததைப் பார்த்தேன். முடிச்சுப் போட்ட இடத்தில் நூல் கச்சிதமாக வெட்டப்பட்டிருந்தது, உதிர்ந்ததல்ல. என் முகம் போன போக்கைக் கண்டு அவரே சொன்னார்: "முன்வரிசையில் ஒரு குழந்தை தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தது, தம்பி. இடைவேளையில் கத்தரி வாங்கிக் கொஞ்சம் வெட்டிக் கொடுத்துவிட்டேன்."